ஐந்தாம் பெட்டியின் பூஜ்யம்

என் மனைவி சண்முகத்தாய் இருபத்திரண்டு வருடம் பார்த்த வேலைக்கு ஊரில் சரியான பெயர் கிடையாது. மடவார் வளாகத்தில் எங்கள் தெருக்காரர்கள் “வாத்தியார் வீட்டம்மா கரண்டு வேலைக்குப் போகுது” என்பார்கள். ராஜபாளையத்து மில்களில் கம்ப்யூட்டர் மேடம். அவளைக் கேட்டால் “ரெண்டு கம்பி வேலை” என்பாள். அதற்கு மேல் கேட்பவர்களுக்கு மட்டும்தான் விளக்குவாள்.

ஒரு நூற்பு மில்லில் கரண்டு மீட்டர்கள், கம்ப்ரசர், ஈரக்காற்று பிளான்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி இருக்கும். அத்தனை பெட்டியும் சொல்வதை மேனேஜர் அறைக் கம்ப்யூட்டர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்காக முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பி, பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி மில் முழுக்கப் போகும். கம்பி ஒன்றுதான் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும். அந்த எண்ணுக்குரிய பெட்டி மட்டும் பதில் சொல்லும். நான் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான். இந்த ஒப்புமையை அவளிடம் நான்தான் சொன்னேன். பிறகு அவளும் மில்களில் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்தது கூமாப்பட்டியில். அப்பா போலீஸ், அண்ணன் இருவரும் பட்டாளம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்த நாற்பது பேரில் இவள் ஒருத்திதான் பெண். முதல் வேலை ராஜபாளையத்தில் ஒரு மில்லில். வயரிங் வேலை தரவில்லை. ஷிப்டுக்கு ஒரு முறை நோட்டுடன் நடந்து அறுபது மீட்டர்களின் அளவைக் குறித்து வரச் சொன்னார்கள். மூன்று வருடம் நடந்தாள். பிறகு அந்த மீட்டர்களை எல்லாம் கம்பியில் கோத்துக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று வெளியூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். கோத்துவிட்டுச் சில மீட்டர்கள் பேசாத நிலையில் போய்விட்டார். சண்முகத்தாய் ஒன்பது நாள் அதோடு உட்கார்ந்தாள். கம்பி சொருகும் ஓட்டைக்கு ஒரு கம்பெனி மீட்டரில் ‘ஏ’ என்று போட்டிருப்பது இன்னொரு கம்பெனி மீட்டரில் ‘பி’ என்று அவள் கண்டுபிடித்தது பத்தாம் நாள் காலையில். பதினான்கு மீட்டரில் கம்பியை மாற்றிச் சொருகினாள். அறுபதும் பேசின. அதற்குப் பிறகு அவளை யாரும் நோட்டுடன் நடக்கச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பின் தனியாகவே செய்தாள். ராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் வரை ஏழு மில்கள் அவள் கைக்குள் இருந்தன. ஒரு ஸ்கூட்டி, ஒரு தோள்பை, மூடி சரியாக மூடாத ஒரு லேப்டாப், பென்சில் செருகிய நோட்டு. அந்த நோட்டுகள் இப்போது என் மேஜை மேல் இருக்கின்றன. பதினெட்டு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் அதிகமாக இருக்கும் சொற்கள் “இது இல்லை”. ஒரு கோளாறுக்கு ஒரு காரணம் தோன்றினால் எழுதுவாள், போய்ப் பார்ப்பாள், இல்லையென்றால் பக்கத்திலேயே இப்படி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவாள். கோளாறு தானாகச் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அவளுக்கு முகம் மாறிவிடும். “தானா போனது தானா வரும்” என்று மறுபடி பையைத் தூக்குவாள்.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவு வருவது முத்துவீரன் விஷயம்தான்.

முத்துவீரன் பிளவக்கல் பக்கத்துக்காரர். ராஜபாளையத்தை அடுத்து ஒரு மில்லில் ஈரக்காற்று பிளான்டைப் பார்த்துக்கொள்பவர். காற்று வறண்டால் நூல் அறும். அதனால் ஒரு அறையில் பம்பு வைத்துத் தண்ணீரைச் சாரலாக அடித்து, அதன் ஊடே வரும் காற்றை மிஷின்கள் ஓடும் ஹாலுக்குள் தள்ளுவார்கள். அந்த மில்லில் அப்படி இரண்டு பிளான்டு. நூற்பு ஹாலுக்கு உரியது ஐந்தாம் பெட்டி. நூலைக் கோனில் சுற்றும் ஹாலுக்கு உரியது ஏழாம் பெட்டி. பம்பு ஓடினால் ஒன்று, நின்றால் பூஜ்யம் என்று கம்ப்யூட்டரில் பதிவாகும்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து பதிவில் பூஜ்யம் விழ ஆரம்பித்தது. ஒரு நாள் இருபது நிமிஷம், ஒரு நாள் ஒரு மணி நேரம். மேனேஜர் சௌந்தரபாண்டியன் பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்து வந்தவர், எதையும் சரிபார்க்காமல் விட மாட்டார். ஷிப்டு அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். காலை ஷிப்டானாலும் மதிய ஷிப்டானாலும் முத்துவீரன் எந்த ஷிப்டோ அந்த ஷிப்டில்தான் பூஜ்யம். மற்ற இரண்டு ஆட்களின் ஷிப்டில் ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் பூஜ்யம் விழுந்ததும் அவரே எழுந்து பிளான்டு அறைக்கு நடந்திருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆள் வருவதைப் பார்த்துப் போட்டுவிட்டான் என்று முடிவு செய்துவிட்டார்.

மெமோ கொடுத்து முத்துவீரனை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. தூங்கியது உறுதியானால் டிஸ்மிஸ். புதன்கிழமை முத்துவீரன் தன் மகளின் போனிலிருந்து சண்முகத்தாயிடம் பேசினார். அந்த மில்லின் கம்பி லைனை மூன்று வருடம் முன்பு போட்டவள் அவள்தான்.

“வேல போனா தோப்புல தேங்கா உரிச்சுக்கூடப் பொழச்சுக்கிருவேன் தாயி. பம்ப அமத்திட்டுத் தூங்குனவன்னு பேரு வாங்கிட்டு ஊருக்குள்ள எப்படி நடப்பேன்?” என்று அவர் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

சண்முகத்தாய் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். “அண்ணே, தூங்கினீகளா?”

“இல்ல தாயி.”

“அப்போ நான் வாரேன்.”

மறுநாள் மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஏணி பிடிக்க நானும் போனேன்.

மேனேஜர் அவளை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். பம்பு நின்றிருந்தால் நூல் அறுந்திருக்க வேண்டுமே என்று அவள் கேட்டதற்கு, மழைக் காலத்தில் செத்த நேரம் நின்றாலும் நூல் தாங்கும், அது தெரிந்துதான் தூங்குகிறான் என்றார். பிறகு மூன்று நாள் பதிவை நீட்டினார்.

“பாருங்க மேடம். அவன் இல்லாத இந்த மூணு நாள்ல ஒரு பூஜ்யம் கிடையாது. உங்க லைன் நல்லாத்தான் இருக்கு.”

அவள் அந்தத் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அன்று முழுக்க லைனைப் பார்த்தோம். முதலில் கரண்டை நிறுத்தச் சொல்லிக் கம்பியின் முனையில் மீட்டரை வைத்தாள். இந்தக் கம்பியின் இரண்டு கோடியிலும் நூற்றிருபது ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டியிருப்பார்கள். அனுப்பிய பேச்சு சுவரில் பட்ட பந்து மாதிரித் திரும்பி வந்து குழப்பாமல் இருக்க அது வேண்டும். இரண்டும் உயிரோடு இருந்தால் மீட்டர் அறுபது காட்டும். காட்டியது. இது இல்லை. கம்பியைச் சுற்றிய வலைக்கு ஒரு கோடியில் மட்டும் எர்த் இருக்க வேண்டும். அப்படியே இருந்தது. இது இல்லை. புதிதாகப் போட்ட மோட்டார் கேபிள் ஏதும் லைனோடு ஒட்டிப் போகிறதா என்று பஞ்சு படிந்த கேபிள் தட்டுகளின் கீழே டார்ச்சுடன் நடந்தாள். இல்லை. பதினோரு பெட்டியிலும் கீழ்மூடியைக் கழற்றி ஒவ்வொரு கம்பியையும் விரலால் இழுத்துப் பார்த்தாள். ஒன்பதாம் பெட்டியில் ஒரு ஸ்க்ரூ லூசாக இருந்தது.

மில் எலக்ட்ரீசியன்கள் சந்தோஷமாகிவிட்டார்கள். கண்டுபிடித்தாயிற்று, அதையே விசாரணையில் சொல்லிவிடலாம் என்றார்கள். ஏணியைப் பிடித்து நின்ற எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு இறங்கினாள்.

“ஒன்பது லூசா இருந்தா ஒன்பதுதான விழுகணும்? அஞ்சு எதுக்கு விழுகுது?” என்றாள். நோட்டில் எழுதினாள்: இது இல்லை.

வெள்ளிக்கிழமையும் பள்ளி விடுமுறைதான். அன்று காலையில் அவள் எந்த மூடியையும் திறக்கவில்லை. ஸ்டோர் ரூமில் தரையில் உட்கார்ந்து ஐந்து வாரப் பதிவையும் பிரிண்ட் எடுத்துப் பரப்பினாள். பூஜ்யம் விழுந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே வந்தாள். நாற்பத்தோரு தடவை. நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது பென்சிலைக் கீழே வைத்திருந்தாள்.

நாற்பத்தோரு தடவையும் ஐந்தும் ஏழும் ஒரே நிமிஷத்தில் விழுந்திருந்தன. ஒரே நிமிஷத்தில் எழுந்திருந்தன. இரண்டு பிளான்டும் மில்லின் இரண்டு மூலையில் இருக்கின்றன. ஒரே ஆள் ஒரே நிமிஷத்தில் இரண்டு பம்பையும் நிறுத்த முடியாது. மேனேஜர் ஐந்தாம் பத்தியைப் பார்த்ததும் ஆளைப் பார்க்கப் போய்விட்டார், ஏழாம் பத்தி வரை கண் போகவில்லை. கம்பியில் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஆறு இருக்கிறது. ஆறு ஒரு தடவைகூட விழவில்லை.

“கம்பி இல்லங்க. நம்பர்” என்றாள்.

எண் எப்படி வைப்பார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியின் மேல்பக்கத்திலும் ஒரு சின்ன மூடி. அதற்குள் அரிசிப் பருமனில் நான்கு ஸ்விட்ச். ஒன்றாவது ஸ்விட்சுக்கு மதிப்பு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு, கடைசிக்கு எட்டு. ஒன்றையும் நான்கையும் தள்ளி வைத்தால் ஐந்து. அதில் இரண்டு என்ற ஸ்விட்சும் சேர்ந்துகொண்டால் ஏழு. ஐந்தாம் பெட்டி திடீரென்று தன்னை ஏழு என்று நினைத்துக்கொண்டால், ஐந்து என்று கூப்பிடும்போது பதில் சொல்ல ஆள் இல்லை. ஏழு என்று கூப்பிடும்போது இரண்டு பேர் ஒரே சமயத்தில் கத்துவார்கள், எதுவும் விளங்காது. என் வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருந்த வருடம் எனக்கு அந்தத் தொல்லை உண்டு.

பிளான்டு அறைக்குப் போய் ஐந்தாம் பெட்டியின் சின்ன மூடியைத் திறந்தாள். டார்ச் அடித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். நான்கு ஸ்விட்சின் மேலும் கனமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது. காய்ந்து வெடித்திருந்தது. பெட்டிக்கு வெளியிலும் பொட்டு இருந்தது, ஆனால் அது எல்லாப் பெட்டியிலும் உண்டு. உள்ளே வைத்தது இந்த ஒன்றில்தான்.

நான் கைக்குட்டையை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“தொடாதீங்க. துடைச்சாச் சரியாப் போயிரும். அப்பொறம் யாரு நம்புவா?”

மூடியை இருந்தபடியே மூடினாள். காய்ந்திருக்கும்போது சந்தனம் ஒன்றும் செய்யாது. ஈரம் ஏறினால் அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசியும். அந்த ஸ்விட்சுகளுக்கு அந்தக் கொஞ்சமே போதும், தள்ளாமலே தள்ளியது மாதிரி ஆகிவிடும். ஆனால் முத்துவீரன் ஷிப்டில் மட்டும் ஏன் ஈரம் ஏற வேண்டும் என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அந்த ஆள் வேண்டும்.

மேனேஜரிடம் போய்ச் சனிக்கிழமை விசாரணைக்கு முன், எட்டு மணிக்கு, முத்துவீரனை உள்ளே விட வேண்டும் என்று கேட்டாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மெமோ வாங்கிய ஆளை விசாரணைக்கு முன்னால் மிஷின் பக்கம் விட்டால் அவருக்கு மேலே இருப்பவர்கள் கேட்பார்கள் என்றார். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. நாற்பத்தோரு வட்டத்தையும் மேஜையில் விரித்தாள்.

“சார், நீங்களும் கூட நில்லுங்க. அவிய வழக்கமா என்ன செய்வாகளோ அத அப்படியே செய்யட்டும். பூஜ்யம் விழலைன்னா அந்த நிமிஷமே நான் லைன் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

அவர் வட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏழாம் பத்தியிலும் விரல் வைத்துப் பார்த்தார். எட்டு மணி, ஒரே ஒரு மணி நேரம் என்றார்.

சனிக்கிழமை முத்துவீரன் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பேன்ட்டை முட்டி வரை சுருட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். மற்றவர்கள் ஷிப்டு மாறினால் பம்பு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்காருவார்கள். இவர் பைப்பை எடுத்து அறையின் தரை, சுவர், வடிகட்டி எல்லாவற்றையும் கழுவினார். சாரல் குழாய்களின் மூக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதி மாட்டினார். அறை முழுக்கப் பனி போல ஈரம் நின்றது. சௌந்தரபாண்டியனின் பளபளக்கும் ஷூ நனைந்தது. அவர் நகரவில்லை. சண்முகத்தாய் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு வாளி மேல் லேப்டாப்பை வைத்து லைனில் சொருகியிருந்தாள். ஐந்துக்கு நேரே ஒன்று. ஏழுக்கு நேரே ஒன்று.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஒன்று ஒன்றாகவே இருந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். முத்துவீரன் பைப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, அவ்வளவுதான் என்பது போல நின்றார்.

“அண்ணே, வேற ஒண்ணும் செய்ய மாட்டீகளா? ஒண்ணு விடாமச் சொல்லுங்க” என்றாள்.

அவர் மேனேஜரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பெட்டியைத் தொடக் கூடாது என்று எலக்ட்ரீசியன்மார் சொல்லியிருக்கிறார்கள் என்று இழுத்தார்.

“தொடுவீகளா?”

“கடைசியா ஒரு ஈரத்துணியால தொடைப்பேன் தாயி. பஞ்சு படிஞ்சு கெடக்கும். பொட்டு வச்ச பெட்டில்லா, அழுக்கா இருக்கலாமா?”

“தொடைங்க.”

அவர் துணியைப் பிழிந்து பெட்டியை மேலிருந்து கீழே துடைத்தார். சின்ன மூடியைத் திறந்து, சந்தனம் கலையாமல் துணி முனையால் சுற்றிலும் ஒற்றி எடுத்தார். மூடியை மூடிவிட்டு, பழக்கத்தில், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று நிமிஷம் இருக்கும். ஐந்துக்கு நேரே பூஜ்யம் விழுந்தது. ஏழுக்கு நேரேயும்.

பம்பு எங்கள் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. சௌந்தரபாண்டியன் சாரல் கூண்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகச் சாரலைப் பார்த்தார். திரும்பி லேப்டாப்பைப் பார்த்தார். மறுபடியும் சாரலைப் பார்த்தார். பிறகு ஒருவரை அனுப்பி ஏழாம் பெட்டியின் பம்பும் ஓடுகிறதா என்று பார்த்து வரச் சொன்னார். ஓடுவதாக வந்து சொன்னார்கள்.

சண்முகத்தாய் மூடியைத் திறந்து ஊறியிருந்த சந்தனத்தைக் காட்டினாள். பின் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுத்தமாக வழித்தெடுத்து உலர வைத்தாள். ஐந்து எழுந்தது. ஏழு எழுந்தது.

“உள்ள பொட்டு வச்சது நாந்தான் சார்” என்றார் முத்துவீரன், யாரும் கேட்காமலே. “வெளிய வைக்கிறது எல்லாரும் வைக்கிறது. வேல செய்யுறது உள்ளதானன்னு வச்சேன்.”

“அப்போ தப்பு உன்மேலதான?” என்றார் மேனேஜர். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

சண்முகத்தாய் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். “பொட்டு வச்சது அவிய தப்பு. அந்த மூடிக்கு ஸ்க்ரூ போடாம விட்டது என் தப்பு. ஆனா மெமோ அதுக்கு இல்லையே சார். தூங்கினதுக்குத்தான மெமோ? அந்தப் பூஜ்யத்தை எழுதினது நான்.”

அவர் புரியாமல் பார்த்தார். அவள் சொன்னாள். மூன்று வருடம் முன்பு ரிப்போர்ட்டில் அங்கங்கே காலிக் கட்டம் வந்தது. பெட்டி பதில் சொல்லாத இடங்கள் அவை. பார்க்க நன்றாக இல்லை, காலியாக விடாதீர்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். பதில் வராத இடத்தில் பூஜ்யம் என்று எழுதும்படி அவள்தான் கம்ப்யூட்டரில் மாற்றினாள். பம்பு நின்றாலும் பூஜ்யம், பெட்டி பேசாவிட்டாலும் பூஜ்யம்.

சௌந்தரபாண்டியன் நனைந்த ஷூவோடு வாசல் பக்கம் திரும்பினார். விசாரணை இல்லை, மெமோவைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். ஆனால் அவருக்கு எழுத்தில் வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து அவள் எழுதிக்கொடுத்தாள். தன் தவறை முதல் பத்தியில் போட்டாள். அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார்.

“மேடம், இந்த முதல் பாரா அவசியமா? மேலிடத்துல படிச்சா உங்க வருஷ கான்ட்ராக்டுக்குச் சிக்கல் வரும்.”

“தெரியும் சார். அது இல்லாம மத்தது எதுக்கு நடந்துச்சுன்னு புரியாது.”

அவர் தாளை ஃபைலில் வைத்தார். கிளம்பும் முன் அவள் அந்த மில்லின் கம்ப்யூட்டரில், பெட்டி பேசாத இடத்தில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு ‘பதில் இல்லை’ என்று வரும்படி மாற்றினாள். முத்துவீரன் அன்று மதிய ஷிப்டுக்கே சேர்ந்தார். சித்திரையில் அந்த மில்லின் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போனது. அவள் அதைப் பற்றி வீட்டில் ஒரு தடவைதான் பேசினாள், அதுவும் புது ஆள் மூடிக்கு ஸ்க்ரூ போட்டாரா என்று.

அதற்கு முன்பே, அந்தச் சனிக்கிழமை திரும்பும் வழியில், அவள் ஸ்கூட்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். மற்ற ஆறு மில்லிலும் இதே பூஜ்யம்தான் போட்டிருக்கிறேன் என்றாள். யாரும் கேட்கவில்லையே என்று நான் சொன்னேன். கேட்கும்போது ஒரு ஆள் வேலை போய் வெளியே நின்றுகொண்டிருப்பான் என்றாள். மார்கழி, தை இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் மில் மில்லாகப் போனாள். ஒவ்வொரு மேனேஜரிடமும் தான் செய்த தவறு இது என்று சொல்லி, பூஜ்யத்தை எடுத்துவிட்டு ‘பதில் இல்லை’ என்று வரும்படி மாற்றினாள். கிருஷ்ணன்கோவில் மில்லில் ரிப்போர்ட் அசிங்கமாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு ஞாயிறு போய் உட்கார்ந்து மாற்றிவிட்டுத்தான் வந்தாள்.

போன மாசியில், எட்டு மாத நோய்க்குப் பிறகு, அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலும் ஒரு நோட்டு வைத்திருந்தாள். மருந்து மாற்றியபோதெல்லாம் தேதி போட்டுக் குறித்திருக்கிறாள். இரண்டு இடத்தில் “இது இல்லை” என்று இருக்கிறது.

பதினாறாம் நாள் முத்துவீரன் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கிளம்பிய பிறகும் வாசலில் செருப்பு மாட்டாமல் நின்றார். முந்தின வாரம் மில்லில் ஐந்தாம் பெட்டி மறுபடி பேசாமல் போனதாம். எலி கம்பியைக் கடித்திருந்ததாம்.

“ஸ்கிரீன்ல பதில் இல்லைன்னு வந்துச்சு. சௌந்தரபாண்டியன் சார் நேரா எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு, கம்பியப் போயிப் பாருலேன்னாக. யாரு ஷிப்டுன்னு ஒருத்தரும் கேக்கல” என்றார்.

“உங்க ஷிப்டா?” என்று கேட்டேன்.

“என் ஷிப்டுதான்” என்றார்.